உலோகத்துக்கு உயிரூட்டிய கைகள்: பியேர் ஜாக்கே-துரோவின் வாழ்வும் பணியும்

மனிதன் படைத்த கருவிகளுள் பெரும்பாலானவை அவனுடைய தேவையிலிருந்து பிறந்தவை. ஏரும் தறியும் ஏற்றமும் அவ்வாறு தோன்றியவையே. ஒரு சில கருவிகளோ அவனுடைய வியப்பிலிருந்து பிறந்தன. மூடியைத் திறந்த அளவில், பாடுவார் எவருமின்றித் தானே பாடத் தொடங்கும் சுவிட்சர்லாந்து இசைப்பெட்டி அத்தகைய ஒன்றாகும். உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் ஒரு பாடலை அடைத்து வைத்த கைகள் யாருடையவை, அக்கைகளுக்கு அந்த வித்தையைக் கற்பித்தவர் யார் என்று வினவிச் செல்வோர், பதினெட்டாம் நூற்றாண்டின் ஒரு பெரும் கைவினைஞரின் வாயிலில் சென்று நிற்பர். அவர் பெயர் பியேர் ஜாக்கே-துரோ.

இன்று நாம் அறியும் இசைப்பெட்டியைச் செய்தவர் அவர் அல்லர். அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழிந்த பின்னரே அது தோன்றியது. ஆயினும் அது முளைப்பதற்குரிய நிலத்தைப் பண்படுத்தியவர்களுள் அவர் முதன்மையானவர். கல்வி கற்றவன் கைத்தொழில் செய்தல் தாழ்வு என்று எண்ணும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் நீங்காதிருக்கும் நிலையில், அவருடைய வாழ்வு மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்ளத் தக்கதாகும்.

பனிமலையும் பட்டறையும்

ஐரோப்பாவில் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ஜூரா என்னும் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அம்மலைமீது, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் லா ஷோ-தெ-ஃபோன். அக்காலத்தில் இவ்வூர் நியூஷாத்தெல் என்னும் சிற்றரசைச் சேர்ந்திருந்தது. 1707-ஆம் ஆண்டு முதல் பிரஷ்ய மன்னரே அச்சிற்றரசின் தலைவராக விளங்கினார். உழவுக்குரிய காலம் குறைவு, பனிக்காலமோ நெடியது. பனி மூடிய மாதங்களில் மக்கள் கைகட்டி அமர்ந்திருக்கவில்லை. பெண்டிர் சரிகைப் பின்னலில் ஈடுபட, ஆடவர் சாளரத்தின் அருகே சிறு மேசையிட்டு அரமும் இடுக்கியும் கொண்டு கடிகாரத் தொழில் பயின்றனர்.

அம்மலை நாட்டுக் கடிகாரத் தொழிலுக்குத் தந்தையாகப் போற்றப்படுபவர் தானியேல் ஜான்ரிஷார் என்பவர். குதிரை வணிகர் ஒருவர் கொண்டு வந்த பழுதுற்ற கைக்கடியாரத்தை இளைஞராக இருந்தபோதே அவர் பிரித்துச் சீராக்கினார் என்றும், பின்னர் அதைப்போன்ற ஒன்றைத் தாமே செய்து முடித்தார் என்றும் வழிவழியாக ஒரு கதை வழங்கி வருகிறது. கதையின் உண்மை எத்தகையதாயினும், உழவர் வீடுகளே பட்டறைகளாக மாறிய வரலாறு உண்மையானது. அத்தகைய உழவர் குடும்பம் ஒன்றில் 1721-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28-ஆம் நாள் பியேர் ஜாக்கே-துரோ பிறந்தார்.

இளமையில் அவர் பாசல் நகருக்குச் சென்று உயர்கல்வி பயின்றார். சமயப் பணிக்குரியவராக அவர் வருவார் என்பதே குடும்பத்தாரின் எதிர்பார்ப்பாக இருந்தது என்பர். நூற்கல்வியும் கணக்கும் அவருக்கு நன்கு வந்தன. எனினும் ஊர் திரும்பியபோது அவர் மனம் ஏட்டில் நிலைகொள்ளவில்லை. பற்சக்கரங்களின் ஒலியே அவரை ஈர்த்தது. மேடை ஏற வேண்டியவர் பட்டறை மேசைமுன் அமர்ந்தார். கற்ற கல்வியை அவர் துறந்துவிட்டார் என்று கொள்ளலாகாது. அதனைக் கைகளுக்குள் இறக்கினார் என்பதே பொருந்தும். எத்தனை பற்கள் கொண்ட சக்கரம் எத்தனை பற்கள் கொண்ட சக்கரத்தோடு இணைந்தால் எவ்வளவு நேரத்தில் ஒருமுறை சுழலும் என்பது கணக்கன்றி வேறென்ன?

விரைவில் அவருடைய கடிகாரங்கள் பிறர் செய்தவற்றினும் மேம்பட்டு விளங்கின. அவை நேரத்தைக் காட்டியதோடு அமையவில்லை. சில சிறுமணிகளை ஒலித்துப் பண்ணிசைத்தன. சில குழல்களை ஊதின. சிலவற்றில் சிறு பறவை அலகு திறந்து பாடியது.

இல்லத்தில் சூழ்ந்த இருள்

1750-ஆம் ஆண்டில் ஜாக்கே-துரோ, மரியான் சாண்டோ என்னும் நங்கையை மணந்தார். 1751-இல் மகள் ஒருத்தியும், 1752-இல் ஹென்றி-லூயி என்னும் மகனும் பிறந்தனர். அந்த இல்லத்தின் இன்பம் நீடிக்கவில்லை. 1755-ஆம் ஆண்டில் மனைவியையும் மகளையும் அவர் ஒருசேர இழந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு. கையில் எஞ்சியவன் மூன்றே வயது நிரம்பாத மகன். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தொழிலிலும் மகனை வளர்ப்பதிலுமே எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார்.

அண்டை வீட்டுச் சிறுவனாகிய ழான்-ஃபிரெதெரிக் லெஷோ என்பவனையும் அவர் தம் இல்லத்துப் பிள்ளைபோலவே ஏற்று வளர்த்தார். 1746-இல் பிறந்த லெஷோ, ஹென்றி-லூயிக்கு ஆறு வயது மூத்தவன். இவ்விருவருமே பின்னாளில் அவருடைய இரு கைகளாக விளங்கினர். தாம் அறிந்த நுட்பத்தை மறைத்து வைத்துத் தம்மோடு கொண்டு செல்லும் கைவினைஞர் மலிந்த காலத்தில், தம் குருதியில் பிறவாத ஒருவனுக்கும் அனைத்தையும் கற்பித்த பெருந்தன்மை எண்ணி மகிழத்தக்கது.

ஸ்பெயின் நாட்டுப் பயணம்

மலையூரில் இருந்தபடி அரிய கடிகாரங்களைச் செய்தால் போதுமா? அவற்றை வாங்கும் ஆற்றலுடையோர் அரசர்களும் பெருஞ்செல்வர்களுமே. நியூஷாத்தெல் ஆளுநராக இருந்த ஸ்காட்லாந்துப் பிரபு ஜார்ஜ் கீத் என்பவர், ஸ்பெயின் அரசவைக்குச் செல்லுமாறு ஜாக்கே-துரோவுக்கு ஊக்கமளித்தார். 1758-ஆம் ஆண்டில் ஆறு கடிகாரங்களை ஏற்றிய வண்டியுடன், மாமனார் ஆபிரகாம்-லூயி சாண்டோவும் உதவியாளர் ஒருவரும் துணைவர அவர் புறப்பட்டார். பயணம் 49 நாட்கள் நீடித்தது. நுண்ணிய பற்சக்கரங்களைக் கரடுமுரடான மலைப்பாதைகளில் குலுக்காமல் கொண்டு செல்லுதல் எத்துணை அரிய செயல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மாமனார் எழுதி வைத்த நாட்குறிப்பு அப்பயணத்துக்குச் சான்றாக நிற்கிறது.

மாட்ரிட் நகரை அடைந்தும் உடனே மன்னரைக் காண இயலவில்லை. பல மாதங்கள் காத்திருந்த பின்னரே ஆறாம் ஃபெர்டினாண்ட் மன்னர்முன் கடிகாரங்கள் வைக்கப்பட்டன. அவற்றுள் இடையன் கடிகாரம் என்பது புகழ்மிக்கது. அதில் இடையன் குழல் ஊதுவான். பழக்கூடையைக் காத்து நிற்கும் நாய், எவரேனும் பழத்தைத் தொட்டால் குரைக்கும். அக்குரைப்பைக் கேட்டு அரண்மனையின் உண்மை நாய்களும் குரைத்தன என்றும், அவையோர் சிலர் இது மாயவித்தை என அஞ்சி அகன்றனர் என்றும் கதைகள் உண்டு. சூனியக் குற்றம் சாட்டப்பெற்றோர் கடுந்தண்டனைக்கு உள்ளாகும் நாட்டில் அத்தகைய புகழ் பேரிடரைத் தரவல்லது. பொறியைத் திறந்து காட்டி, உள்ளே இருப்பவை சக்கரமும் நெம்புகோலுமே என்று தெளிவிப்பதே கைவினைஞனுக்குரிய காப்பாகும்.

கடிகாரங்களுக்கு விலையாக 2,000 பொற்காசுகள் கிடைத்தன. 1759-இல் ஊர் திரும்பிய அவர், அச்செல்வத்தை மாளிகை கட்டுவதில் செலவிடவில்லை. நாள்தோறும் வயிற்றுப்பாட்டுக்காகக் கடிகாரம் செய்ய வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட்டு, நெடுநாள் கனவை நனவாக்கும் காலத்தை அச்செல்வத்தைக் கொண்டு பெற்றார்.

மூன்று பொம்மைகள்

1768 முதல் 1774 வரை தந்தையும் மகனும் லெஷோவும் கூடி உழைத்து மூன்று இயங்கு பொம்மைகளைப் படைத்தனர். எழுதும் சிறுவன், படம் வரையும் சிறுவன், இசை மீட்டும் நங்கை என்பன அவை. எழுதும் சிறுவன் தந்தையின் படைப்பு. ஏனைய இரண்டில் மகனும் லெஷோவும் பெரும்பங்கு கொண்டனர்.

எழுதும் சிறுவன் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரமுடையவன். அவனுள் ஏறக்குறைய 6,000 உறுப்புகள் அடங்கியுள்ளன. வாத்து இறகுப் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, மை சிந்தாதபடி உதறி, தாளில் நான்கு வரிகளாக நாற்பது எழுத்துகள் வரை எழுதுவான். எழுதும்போது அவனுடைய கண்கள் பேனாமுனையைத் தொடர்ந்து செல்லும்.

இதன் நுட்பம் யாது? சிறுவனின் உடலுக்குள் ஒரு தண்டில் வட்டத் தகடுகள் அடுக்கடுக்காகக் கோக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தகட்டின் விளிம்பும் மேடும் பள்ளமுமாக அராவப்பட்டிருக்கும். ஓர் எழுத்துக்கு மூன்று தகடுகள் உரியன. ஒன்று கையை இடவலமாக நகர்த்தும். மற்றொன்று முன்பின்னாக நகர்த்தும். மூன்றாவது பேனாவைத் தாளில் அழுத்தும், எடுக்கும். அழுத்தத்துக்கு ஏற்பத் தடித்த கோடும் மெல்லிய கோடும் அமையும். எந்த எழுத்து எப்போது வரவேண்டும் என்பதைக் கீழே உள்ள ஒரு சக்கரம் முடிவு செய்கிறது. அதன் விளிம்பில் உள்ள நாற்பது சிறு துண்டுகளை மாற்றியமைத்தால் சிறுவன் வேறு வாசகத்தை எழுதுவான். கட்டளையை மாற்றினால் செயலும் மாறும் என்னும் இவ்வமைப்பினாலேயே, இன்றைய கணிப்பொறியின் முன்னோடிகளுள் ஒன்றாக அறிஞர் இதனைக் கருதுகின்றனர்.

படம் வரையும் சிறுவன் நான்கு படங்களை வரைவான். இடையிடையே வாயால் ஊதித் தாளிலுள்ள தூசியை அகற்றுவான். இசை நங்கையோ உண்மையாகவே தன் விரல்களால் ஆர்கன் கட்டைகளை அழுத்தி ஐந்து பாடல்களை இசைப்பாள். இசைக்கும்போது அவள் மார்பு மூச்சுவிடுவதுபோல் உயர்ந்து தாழும். முடித்தவுடன் தலைதாழ்த்தி வணங்குவாள். பெட்டியை மறைத்து வைத்துப் பொம்மையைக் கையசைக்கச் செய்யும் ஏமாற்று இதில் இல்லை. விரல் அழுத்தாவிடில் ஒலி எழாது. இந்த நேர்மையே ஜாக்கே-துரோ பட்டறையின் தனிச்சிறப்பாகும்.

1774-இல் லா ஷோ-தெ-ஃபோனில் இவை காட்சிக்கு வைக்கப்பட்டபோது மக்கள் திரள்திரளாக வந்தனர். 1775-இல் பாரிசில் பதினாறாம் லூயி மன்னரும் மரீ அந்துவானெத் அரசியும் இவற்றைக் கண்டு வியந்தனர். பின்னர் இவை லண்டன் மாநகரிலும் காட்டப்பட்டன.

முள் பொருந்திய உருளையின் நெடும்பயணம்

இசை நங்கையின் பாடல் ஓர் உருளையில் பொறிக்கப்பட்டிருந்தது. உருளை சுழல, அதன்மேல் நடப்பட்ட முட்கள் உரிய நேரத்தில் நெம்புகோல்களைத் தொட, விரல்கள் இயங்கும். இம்முள்ளுருளை ஐரோப்பாவில் திடீரெனத் தோன்றியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாது நகரில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர் மூவர், தானே இசைக்கும் கருவி ஒன்றைப் பற்றி எழுதியபோதே முள் பொருந்திய உருளையை விளக்கியுள்ளனர். 1206-ஆம் ஆண்டளவில் தியார்பக்ர் அரசவையில் இருந்த அல்-ஜஸரீ, நீரால் இயங்கும் இசைக்குழுப் பொம்மைகளைப் படகில் அமைத்துக் காட்டினார். அறிவுக்கு நாட்டெல்லை இல்லை என்பதற்கு இவ்வுருளையின் வரலாறே போதிய சான்றாகும்.

ஜாக்கே-துரோவின் காலம் வரை பொறியிசை மணிகளிலிருந்தோ குழல்களிலிருந்தோ பிறந்தது. மணிக்கும் துருத்திக்கும் இடம் வேண்டும். ஆகவே கருவியை ஓர் அளவுக்குமேல் சிறிதாக்க இயலவில்லை. 1796-ஆம் ஆண்டில் ஜெனிவாக் கடிகாரத் தொழிலாளர் அந்துவான் ஃபாவ்ர் என்பவர், மணியும் சுத்தியலும் இன்றி இசைக்கும் முறையை அந்நகரின் கலைச் சங்கத்தார்முன் வைத்தார். சுருதி சேர்த்த எஃகுப் பற்களை உருளையின் முட்கள் நிமிண்டி ஒலியெழுப்புவதே அம்முறை.

அதன்பின் இசைப்பெட்டித் தொழில் விரிந்தது. பித்தளை உருளையில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இடுவர். ஒவ்வொன்றிலும் மயிரிழை போன்ற எஃகு முள்ளை நடுவர். முட்கள் அசையாதிருக்க உருளைக்குள் உருகிய அரக்குச் சாந்தை வார்த்துச் சுழற்றுவர். எஃகுச் சீப்பின் பற்களை அரத்தால் சிறிது சிறிதாக அராவிச் சுருதி கூட்டுவர். மந்தர ஒலிக்குரிய பற்களின் அடியில் ஈயத்துண்டு சேர்ப்பர். அதிர்ந்துகொண்டிருக்கும் பல்லை அடுத்த முள் தொடும்போது கரகரப்பு எழாதிருக்க, பல்லின்கீழ் இறகுத் துணுக்கோ நுண்கம்பியோ பொருத்துவர். உருளை இம்மியளவு பக்கவாட்டில் நகர்ந்தால் வேறொரு பாடல் ஒலிக்கும். விரைவைக் கட்டுப்படுத்தச் சிறு காற்றாடி ஒன்று சுழலும். அரசவைக்கே உரியதாயிருந்த பொறியிசை, இவ்வாறு படிப்படியாக இல்லங்களுக்குள் நுழைந்தது.

பறவையும் கையும்

பொம்மைகள் பெற்றுத்தந்த புகழால் லண்டனில் ஒரு பட்டறை அமைந்தது. ஹென்றி-லூயி அதனை நடத்தினார். ஜேம்ஸ் காக்ஸ் என்னும் வணிகர் வாயிலாக அவர்களுடைய படைப்புகள் சீன நாட்டுக் கான்டன் துறைமுகத்தை அடைந்தன. பொறிக் கடிகாரங்களில் பெருவிருப்பமுடைய சியென்லுங் பேரரசரின் காலம் அது. பீகிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் ஜாக்கே-துரோ படைப்புகள் இன்றும் உள்ளன.

இக்காலத்தில் பாடும் பறவையின் நுட்பமும் சிறந்தது. பல குழல்களுக்குப் பதிலாக, உள்ளே நகரும் தண்டு கொண்ட ஒரே குழலால் பறவையின் கூவலை முழுமையாக எழுப்பும் முறை கையாளப்பட்டது. அதனால் மூக்குப்பொடிப் பெட்டிக்குள்ளும் ஒரு பறவையை அடக்க முடிந்தது.

இவற்றினும் மேலாக நாம் நினைவில் கொள்ள வேண்டிய செயல் ஒன்றுண்டு. பிறவியிலேயே கைகள் குறையுற்றிருந்த பிரெஞ்சுச் செல்வர் வீட்டு மகன் ஒருவருக்கு, இப்பட்டறையினர் இயங்கும் செயற்கைக் கைகள் செய்தளித்தனர் என்று கூறப்படுகிறது. பொம்மையின் கையை எழுதவைத்த அறிவு, மனிதனின் குறை தீர்க்கவும் பயன்பட்டது. வேடிக்கை என்று தொடங்கியது தொண்டாக முடியும்போதே எக்கலையும் நிறைவு பெறுகிறது.

மறைவும் எஞ்சியவையும்

1784-இல் ஹென்றி-லூயியும் லெஷோவும் ஜெனிவாவில் பட்டறை அமைத்தனர். முதுமையுற்ற தந்தையும் இறுதிக் காலத்தில் மலையூரை விட்டு அகன்றார். 1790-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் பியேன் நகரில் பியேர் ஜாக்கே-துரோ காலமானார். அடுத்த ஆண்டே, 1791 நவம்பரில், நேப்பிள்ஸ் நகரில் ஹென்றி-லூயியும் தம் முப்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். பிரெஞ்சுப் புரட்சி அரியணைகளை அசைத்துக்கொண்டிருந்த காலம் அது. அரசர்களை நம்பி வாழ்ந்த தொழில், அரசர்களோடு தளர்ந்தது. 1794-இல் அவர் பிறந்த ஊரும் பெருந்தீக்கு இரையாயிற்று. 1824 வரை வாழ்ந்த லெஷோவே தொழில் மரபை எடுத்துச் சென்றார். மகனும் மறைந்த பின்னர் மரபைக் காத்தவன் மாணவனே என்பது ஆசிரியப் பணியில் இருப்போர்க்கு ஆறுதல் தரும் செய்தியாகும்.

மூன்று பொம்மைகளும் கைமாறிக் கைமாறி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் ஊர் ஊராகக் காட்சிப்பொருளாய் அலைந்தன. 1906-ஆம் ஆண்டில் நியூஷாத்தெல் வரலாற்றுச் சங்கத்தார் விலைகொடுத்து அவற்றை மீட்டனர். அந்நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்ற அவை, இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் இயங்கி வருகின்றன.

இசைப்பெட்டியின் கதையோ வேறு. ஜூரா மலையின் சேந்த்-குருவா என்னும் சிற்றூர் அத்தொழிலின் தலைநகராக விளங்கியது. 1877-இல் எடிசன் கண்ட ஒலிப்பதிவுக் கருவி மனிதக் குரலையே மீட்டுத்தந்தபோது, முள்ளும் சீப்பும் அதனோடு நெடுநாள் போட்டியிட இயலவில்லை. அவ்வூரின் பழைய இசைப்பெட்டி நிறுவனமாகிய பையார், இருபதாம் நூற்றாண்டில் தட்டச்சுப் பொறியும் திரைப்படக் கருவியும் செய்யத் தொடங்கியது. ஜாக்கே-துரோவின் எழுதும் சிறுவனை நினைப்போர்க்கு, இசைப்பெட்டி செய்த கைகள் எழுதும் பொறிக்கு மாறியது பொருத்தமாகவே தோன்றும். கைத்திறன் அழியவில்லை, வேறொரு வடிவம் கொண்டது. 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், சுவிட்சர்லாந்து-பிரான்சு எல்லைப்புறத்துக் கடிகாரக் கலையையும் இசைப்பெட்டி, இயங்கு பொம்மை முதலிய பொறிக்கலைகளையும் மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

நாம் கொள்ளத் தக்கது

ஜாக்கே-துரோவின் வாழ்வில் கற்றோர் மறக்கலாகாத ஓர் உண்மை உள்ளது. அவர் கல்லூரிக் கல்வியைப் பெற்றும் கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணவில்லை; கைத்தொழில் செய்தும் கணக்கையும் சிந்தனையையும் கைவிடவில்லை. அறிவு ஒருபுறமும் உழைப்பு ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்கும் சமுதாயத்தில் அறிவு வெறும் பேச்சாகவும், உழைப்பு வெறும் சுமையாகவும் தேய்ந்துபோகும். இரண்டும் ஒரே மேசைமுன் அமர்ந்தபோது மரமும் பித்தளையும் எழுதக் கற்றுக்கொண்டன.

நம் ஊர்களிலும் பாய் முடைவோர், தறி நெய்வோர், பொன்வேலை செய்வோர் பலர் உளர். அவர்தம் பிள்ளைகள் பட்டம் பெற்றபின் தந்தையின் தொழிலைச் சொல்லவும் நாணுகின்றனர். பட்டத்தையும் பட்டறையையும் ஒருசேரப் போற்றும் இளைஞர்கள் நம்மிடையே தோன்றுவாராயின், நம் பெற்றோர் கைகளில் உள்ள நுட்பங்கள் அவர்களோடு மறைந்து போகமாட்டா. இறைவன் மனிதனுக்கு அருளிய கொடைகளுள் அறிவும் பெரிது, கையும் பெரிது. இரண்டையும் இணைத்து வாழ்ந்த ஒருவரின் வரலாறு, இவ்வேட்டைப் படிக்கும் மாணவர் ஒருவரையேனும் தம் தந்தையின் கருவிப்பெட்டியைத் திறந்து பார்க்கத் தூண்டுமாயின் அதுவே இக்கட்டுரையின் பயனாகும்.